ஐந்தாம் வருஷத்துக் கேள்வி

வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் பிள்ளைகளுக்கு வரும் சந்தேகங்களில் பாதிக்கும் மேல் கடைக்காரரே தீர்த்துவைத்துவிடுவார். எந்த மதர்போர்டுக்கு எந்த ரேம் சேரும், எத்தனை வாட் எஸ்.எம்.பி.எஸ் வேண்டும் என்பதெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். ஏர் கூலர் போடுவதா, லிக்விட் கூலிங் போடுவதா என்ற ஒன்றுக்கு மட்டும் அட்டைப்பெட்டியில் விடை இல்லை. அது வாங்குகிறவனின் வேலையையும், அவன் உட்காரும் அறையையும், அவன் சுபாவத்தையும் பொறுத்தது. அனிமேஷன் படிக்கும் என் பேரன் அந்தக் கேள்வியோடுதான் வந்தான். பகலில் பிளெண்டரில் வேலை, ராத்திரி கொஞ்சம் கேம். “தாத்தா, நீங்க ரயில் இன்ஜினுக்கே தண்ணி பார்த்தவர். 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் வைத்த லிக்விட் கூலர் போட்டுடலாமா?” என்றான்.

என் உத்தியோக காலம் பொன்மலை டீசல் ஷெட்டில் டபிள்யூடிஎம்-2 இன்ஜின்களோடு கழிந்தது. அமெரிக்காவின் ஆல்கோ வடிவமைத்த இன்ஜின் அது. 1964 முதல் வாரணாசியில் நாமே கட்டினோம். பதினாறு சிலிண்டர், 2,600 குதிரைத்திறன். உள்ளே ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர் நின்றால் வண்டி நிற்கும். ஆகவே தண்ணீர்க் குளிர்ச்சி மேல் எனக்கு அவநம்பிக்கை துளியும் கிடையாது. சூட்டைத் தூக்கிக்கொண்டு போவதில் தண்ணீருக்கு இணையாக இவ்வளவு மலிவான பொருள் வேறொன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தத் தண்ணீருக்குப் பின்னால் எத்தனை பேர் நின்றோம் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் அவனுக்கு உடனே பதில் சொல்லவில்லை. “உன் மிஷின் எவ்வளவு சூடு கக்கும்? அதை முதல்ல சொல்லு” என்றேன்.

அவன் எழுதி வைத்திருந்த பட்டியலில் இன்டெல் கோர் ஐ9-14900கே இருந்தது. அடிப்படை மின்சக்தி 125 வாட். முழு வேகத்தில் ஓடவிட்டால் 253 வாட். சில மதர்போர்டுகள் இந்த வரம்பையும் தளர்த்திவிடும். அப்போது முந்நூறைத் தாண்டும். இவ்வளவும் ஒரு தீப்பெட்டி அகலம்கூட இல்லாத சில்லிலிருந்து கிளம்ப வேண்டும். இந்தப் பிராசசரை மணிக்கணக்கில் முழுப் பாரத்தில் ஓட்டுகிறவருக்கு 360 ரேடியேட்டர் வீண் செலவு இல்லை. பெரிய ஏர் கூலர்கூட அங்கே திணறும். இதை ஒளிக்காமல் அவனிடம் சொன்னேன். தண்ணீர் வேண்டாம் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்கிற பெரியவர்களும், தண்ணீர் இல்லாவிட்டால் மிஷினே இல்லை என்கிற சின்னவர்களும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள்: கணக்குப் போடாமல் பேசுகிறார்கள்.

கணக்கு இப்படித்தான் போகும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 4,180 ஜூல் வேண்டும். 250 வாட் சூடு அதில் இறங்கினால், ரேடியேட்டர் வேலையே செய்யாவிட்டால், பதினேழு விநாடிக்கு ஒரு டிகிரி ஏறும். ஆறே நிமிஷத்தில் இருபது டிகிரி கூடிவிடும். தண்ணீர் சூட்டை விழுங்கிவிடுவதில்லை என்பது இதிலிருந்து புரியும். கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொண்டு, ரேடியேட்டரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறது, அவ்வளவுதான். இரண்டு நிமிஷம் வேகமாக ஓடி அடங்கும் வேலை என்றால் அந்த வாங்கி வைத்துக்கொள்ளும் குணம் பெரிய லாபம். ராத்திரி முழுக்க ஓடும் வேலை என்றால், அரைமணி நேரத்துக்கு அப்புறம் ரேடியேட்டரின் பரப்பும் விசிறியின் காற்றும்தான் பேசும்.

ஏர் கூலருக்குள்ளும் தண்ணீர் உண்டு என்று சொன்னபோது அவன் நம்பவில்லை. பளபளவென்று வளைந்து தகடுகளுக்குள் நுழையும் அந்தச் செப்புக் குழாய்களை உள்ளே வெற்றிடமாக்கி, சிறிதளவு தண்ணீர் விட்டு அடைத்திருப்பார்கள். அழுத்தம் குறைவு என்பதால் அந்தத் தண்ணீர் கொஞ்சச் சூட்டிலேயே ஆவியாகி மேலே ஓடும். தகடுகளிடம் சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி நீராகும். குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் பூச்சு அதைத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் இழுத்துக் கீழே கொண்டுவரும். 1963-ல் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் செய்து காட்டிய ஏற்பாடு இது. மோட்டார் கிடையாது, இணைப்பு கிடையாது, கசிய வழி கிடையாது. மேலே மாட்டியிருக்கும் விசிறி ஒன்றுதான் ஓடுகிற உறுப்பு. அது பழுதானால் புதிதாக ஒன்று வாங்கிக் கம்பியால் கவ்வ வைத்தால் தீர்ந்தது.

அடுத்து அறை. இந்த இரண்டில் எந்தக் கூலராக இருந்தாலும், அறையில் இருக்கும் காற்றின் சூட்டுக்குக் கீழே பிராசசரைக் கொண்டுபோக முடியாது. ரேடியேட்டருக்குள் ஊதப்படுவதும் அந்தக் காற்றேதான். திருச்சியில் அக்னி நட்சத்திரத்தின்போது வெளியே நாற்பது டிகிரி. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அவன் அறையில் கான்கிரீட் பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி பதினொரு மணிக்கும் கக்கிக்கொண்டிருக்கும். குளிர் நாட்டில் இருபது டிகிரி அறையில் சோதித்துப் போட்ட வரைபடத்தை வைத்துக்கொண்டு இவன் கணக்குப் பண்ணினால், பதினைந்து டிகிரி அங்கேயே கூடிவிடும். இன்னொன்றும் உண்டு. 250 வாட் சூட்டை ஏர் கூலர் எடுத்தாலும் அறைக்குள்தான் விடும், ரேடியேட்டர் எடுத்தாலும் அறைக்குள்தான் விடும். பிராசசருக்கு இதம் கிடைக்கலாம், உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு இல்லை. எங்கள் ரயில் இன்ஜினில் ரேடியேட்டர் விசிறி சூட்டைக் கூரை வழியே வானத்துக்கு அனுப்பிவிடும். மாடி அறையில் அனுப்ப வானம் இல்லை. ஜன்னலைத் திறந்து வைப்பதும், வெயில் தாழ்ந்தபின் மொட்டை மாடியில் தண்ணீர் தெளிப்பதும், அந்தக் கம்ப்யூட்டருக்குச் செய்கிற உபகாரமும்தான்.

பிளெண்டரில் அவன் வேலை எதில் ஓடுகிறது என்று பார்க்கச் சொன்னேன். சைக்கிள்ஸ் ரெண்டரிங்கைக் கிராபிக்ஸ் கார்டு பக்கம் திருப்பிவிட்டால் பாரம் முழுக்க அங்கே போய்விடும். பிராசசர் பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருக்கும். அவன் எழுதியிருந்த ஆர்டிஎக்ஸ் 4070 கார்டு 200 வாட். அந்தக் கார்டுக்கு அதன் சொந்த விசிறிகள் இருக்கின்றன. பிராசசர் மேல் வைக்கும் ஏஐஓ, அதாவது மூடி முத்திரையிட்டு வரும் லிக்விட் கூலர், கார்டின் சூட்டைத் தொடக்கூடத் தொடாது. ரேடியேட்டரை கேபினெட்டின் முன்பக்கம் வைத்தால், பிராசசரின் சூட்டை வாங்கி வெதுவெதுப்பான காற்றுதான் கார்டுக்குப் போய்ச் சேரும். அதிகம் உழைக்கிற உறுப்பு ஒன்று; நாம் பணம் கொட்டிக் குளிரவைக்க நினைத்தது இன்னொன்று. இதைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. குடும்பங்களிலும் நான் இதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் யார் உண்மையிலேயே வெந்துகொண்டிருக்கிறார்கள் என்று பார்க்காமல், சத்தமாகப் பேசுகிறவருக்கே எல்லாரும் விசிறிக்கொண்டிருப்போம்.

கேம் ஆடும்போது பிராசசர் முழு வாட்டையும் இழுப்பதும் அபூர்வம். அங்கேயும் கார்டுதான் முக்கால்வாசி வேலையைச் செய்கிறது. திரையில் எண்பது, தொண்ணூறு என்று எண் ஏறுவதைப் பார்த்துப் பிள்ளைகள் பதறுகிறார்கள். ஏஎம்டி தன் ரைசன் 7000 வரிசையை 2022-ல் கொண்டுவந்தபோது, முழுப் பாரத்தில் 95 டிகிரி வரை போவது அந்தப் பிராசசர்களின் வடிவமைப்பிலேயே உள்ளது என்று வெளிப்படையாகச் சொன்னது. 14900கே-க்கு வரம்பு 100. வரம்பைத் தொட்டால் பிராசசர் தானே வேகத்தைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளும். எல்லா எண்ணும் அபாய எண் இல்லை. அதோடு இந்தச் சில்லுகள் இப்போது மிகச் சிறியவை. ரைசனில் எட்டு கோர்களையும் சுமக்கும் சில்லு ஏறத்தாழ 70 சதுர மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தளவு. அதிலிருந்து மேல்மூடிக்குச் சூடு வந்து சேருவதே நெருக்கடியான வழி. அந்த நெருக்கடியைத் தாண்டி வெளியே வந்தபின் காத்திருப்பது தண்ணீரா, தகடா என்பதால் விழும் வித்தியாசம், பாரம் குறைந்த பிராசசர்களில், ஒரு கை விரல்விட்டு எண்ணுகிற டிகிரிகள்தான்.

இதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இவ்வளவு சூடு வரத்தான் வேண்டுமா? பயாஸில் மின்சக்தி வரம்பைக் குறைக்க வழி இருக்கிறது. 14900கே-யை 253-லிருந்து 125 வாட்டுக்குக் கட்டிப்போட்டாலும் கேம்களில் வேகம் பெரிதாகக் குறைவதில்லை. முழுக் கோர்களும் ஓடும் ரெண்டரிங்கில்தான் இழப்பு தெரியும். கடைசியில் கிடைக்கும் கொஞ்ச வேகத்துக்காகத்தான் அந்தப் பிராசசர் பாதி மின்சாரத்தைச் சாப்பிடுகிறது என்று சொன்னால் மிகை அதிகம் இல்லை. ஆயுளில் நாம் படுகிற பல அவதிகளுக்கும் இதே கணக்கு உண்டு என்பது என் அனுபவம். கொஞ்சம் பெரிய வீடு, கொஞ்சம் பெரிய வண்டி, அதற்கு மாதத் தவணை, அந்தத் தவணைக்கு ஓவர்டைம், ஓவர்டைம் அசதிக்கு ஒரு சுற்றுலா. ஒவ்வொன்றும் முன்னதன் சூட்டை ஆற்ற வந்தது. முதல் சூட்டைக் கொஞ்சம் குறைத்திருந்தால் பின்னால் வந்த அத்தனையும் வேண்டியிருக்காது.

பெரிய கம்பெனிகளும் இந்த வழியில் போய்த் திரும்பியவைதான். 1980-ல் ஐபிஎம் கொண்டுவந்த 3081 பெருங்கணினியில் தண்ணீர் ஓடியது. அன்றைய பைபோலார் சில்லுகளின் சூடு அப்படி. 1990-களில் சீமாஸ் சில்லுகளுக்கு மாறியபோது சூடு இறங்கியது, ஐபிஎம் தண்ணீரைக் கைவிட்டுக் காற்றுக்கு வந்தது. நெருக்கமாக அடுக்கும் தேவை மறுபடி வந்தபோது, 2008-ல் பவர் 575 கணினியில் தண்ணீரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 2004-ல் ஆப்பிள், பவர் மேக் ஜி5-ன் 2.5 கிகாஹெர்ட்ஸ் மாடலைத் திரவக் குளிர்ச்சியோடு விற்றது. வருஷங்கள் போனபின் அவற்றில் சில கசிந்தன, எஸ்.எம்.பி.எஸ் வரை நாசமானதும் உண்டு. 2006-ல் இன்டெல் சில்லோடு வந்த மேக் ப்ரோவில் மறுபடி வெறும் காற்றுதான். தண்ணீர் வேண்டும்போது கூப்பிட்டார்கள், வேண்டாதபோது வழியனுப்பினார்கள். கௌரவம் பார்க்கவில்லை.

ஷெட்டில் தண்ணீர் எப்படி நடத்தப்பட்டது என்பதைப் பேரனுக்கு விரிவாகச் சொன்னேன். வண்டி உள்ளே வந்ததும் எக்ஸ்பான்ஷன் டேங்கின் கேஜ் கிளாஸில் மட்டம் பார்ப்போம். குழாய்த் தண்ணீரை அதில் ஊற்றவே மாட்டோம். உப்பு நீக்கிய தண்ணீர், அதில் துருத் தடுப்பு மருந்து. ஷெட் லேபில் அந்தத் தண்ணீரைச் சோதித்து மருந்து எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, குளோரைடு ஏறியிருக்கிறதா என்று எழுதுவார்கள். லூப் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று தனியாகப் பார்ப்பார்கள். கலந்திருந்தால் எங்கோ சீல் போயிற்று. மட்டம் இறங்கிவிட்டால் லோ வாட்டர் சுவிட்ச் இன்ஜினையே நிறுத்திவிடும். இவ்வளவு கண்கள் ஒரு தண்ணீரின் மேல் இருந்தன. அதனால்தான் அது உழைத்தது.

வீட்டு ஏஐஓவில் இந்தக் கண்கள் எதுவும் கிடையாது. மூடி முத்திரையிட்டு வருகிறது. கேஜ் கிளாஸ் இல்லை, மட்டம் தெரியாது. பிராசசர் மேல் உட்காருவது செப்பு, ரேடியேட்டர் பெரும்பாலும் அலுமினியம். இரண்டும் ஒரே தண்ணீரில் இருந்தால் ஒன்று மற்றொன்றை அரிக்கும். அதைத் தடுக்கும் மருந்து உள்ளே இருக்கிறது. வருஷங்களில் அது தேயும். ரப்பர் குழாயின் சுவர் வழியாகக் கண்ணுக்குத் தெரியாமல் ஈரம் வெளியேறிக்கொண்டே இருக்கும், நம் ஊர் வெயிலில் இன்னும் வேகமாக. குறைந்த தண்ணீரின் இடத்தைக் காற்று பிடிக்கும். காற்று எப்போதும் உயரமான இடம் தேடும். பம்ப் அந்த உயரத்தில் இருந்தால் கலகலவென்று சத்தம் போட்டு வறண்டு தேயும். ஆகவே ரேடியேட்டரின் மேல்முனை பம்ப்பைவிட உயரத்தில் இருக்கும்படி மாட்ட வேண்டும். இதைக்கூட அறியாமல் மாட்டிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒழுகி நாசமாவதைப் பற்றியே எல்லாரும் பயப்படுகிறார்கள். நடைமுறையில் பம்ப் ஓய்ந்துபோவதைத்தான் அதிகம் எதிர்பார்க்க வேண்டும். பம்ப் நின்றால் சூடு சட்டென்று வரம்புக்குப் போய்விடும், அன்று வேலை நடக்காது. பெரும்பாலான ஏஐஓக்களைப் பிரித்துத் தண்ணீர் நிரப்ப முடியாது. மொத்தமாகத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்க வேண்டும்.

ஆறாயிரமோ பதினைந்தாயிரமோ கொடுத்து வாங்குவது ஒரு சாயங்கால வேலை. ஐந்தாம் வருஷம் அந்தக் கேபினெட்டைத் திறந்து பார்க்கப் போவது யார் என்று அவனைக் கேட்டேன். அவன் அப்போது வேலைக்குப் போய் வெளியூரில் இருப்பான். கம்ப்யூட்டர் தங்கைக்கு வந்திருக்கும். அவளுக்கு உள்ளே தண்ணீர் இருப்பதே நினைவிருக்காது. எங்கள் வீதியில் போர் மோட்டார், இன்வர்ட்டர், சோலார் ஹீட்டர் எல்லாம் இப்படித்தான் கைவிடப்படுகின்றன. வாங்கின ஆள் ஊரில் இல்லை, வீட்டில் இருக்கிறவர்களுக்கு வாங்கின விவரம் தெரியாது. ஒரு பொருள் நம்மிடம் கேட்கப்போகும் கவனிப்பை, வாங்குகிற அன்றைக்கே யார் தலையில் வைக்கிறோம் என்று பெயர் சொல்லிப் பார்ப்பது நல்லது. பெயர் வரவில்லை என்றால் அந்தப் பொருள் இன்னும் நமக்கு ஆகவில்லை.

அவன் கடைசியில் உண்மையைச் சொன்னான்: கண்ணாடிப் பக்கம் வழியே குழாய்கள் வளைந்து போவதும், விளக்கு எரிவதும் அவனுக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு அதில் சங்கடமே இல்லை. அழகுக்காக வேண்டும் என்றால் அழகுக்காக வாங்கலாம். கோலம் போடுவதும் பிரயோஜனத்துக்காக இல்லை. குழாய், பம்ப், ரிசர்வாயர் எல்லாம் தனித்தனியாக வாங்கித் தானே கோக்கும் கஸ்டம் லூப் இருக்கிறதே, அது கைவேலை தெரிந்தவனுக்கு உண்மையான சந்தோஷம். அதைச் செய்கிறவன் போர் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ ஊற்றக்கூடாது, டிஸ்டில்ட் வாட்டரும், பாசிக்கும் துருவுக்கும் மருந்தும் வேண்டும். செப்போடு அலுமினியம் கலக்கக்கூடாது. முதல் முறை நிரப்பும்போது மற்ற உறுப்புகளுக்குக் கரண்ட் கொடுக்காமல் பம்ப்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் டிஷ்யூ பேப்பர் வைத்து, ஒரு ராத்திரி முழுக்க ஈரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை வடித்துக் கழுவ வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமையை விரும்பிச் செலவிடுகிறவனுக்கு இது தகும். அழகு வேண்டும் ஆனால் கழுவ மாட்டேன் என்கிறவனுக்குத் தகாது. நீ எந்த வகை என்று பேரனைக் கேட்டேன். யோசித்துவிட்டு, இப்போதைக்கு இரண்டாவது என்றான். இளம் வயதில் இப்படி நேராகப் பதில் சொல்வது பெரிய விஷயம். அவனை மெச்சினேன்.

பட்டியல் மாறியது. 14900கே போய் ரைசன் 7 9700எக்ஸ் வந்தது. எட்டு கோர், பெட்டியில் 65 வாட் என்றிருக்கும், கூடினால் 88 வாட் இழுக்கும். அதன் மேல் இரட்டைக் கோபுர ஏர் கூலர் ஒன்று, ஏஐஓ விலையில் பாதிகூட வராது. மிச்சப் பணத்தில் முன்பக்கம் முழுக்க வலை வைத்த கேபினெட்டும், பவர் கட்டுக்கு ஒரு யுபிஎஸ்ஸும். கூலரின் உயரம் கேபினெட்டுக்குள் அடங்குமா, பக்கத்து ரேமை இடிக்குமா என்று டேப் வைத்து அளந்தபின்தான் வாங்கினோம். பெரிய கோபுரங்கள் 160 மில்லிமீட்டரைத் தொடும். சில கேபினெட்டுகளில் கதவு மூடாது.

மாட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கூலரின் அடித்தகட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்கச் சொன்னேன். அதை உரிக்காமல் மாட்டிவிட்டுச் சூடு சூடு என்று அலைகிறவர்கள் உண்டு. பிராசசரின் நடுவில் பட்டாணி அளவுக்குப் பேஸ்ட். திருகுகளை ஒரு பக்கமே முடுக்காமல் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினான். சிலிண்டர் ஹெட் போல்ட்டுகளை நாங்கள் முடுக்கிய முறையும் அதுதான். மே மாதத்தில், அறை 35 டிகிரி இருந்த ராத்திரியில், கிராபிக்ஸ் கார்டில் ரெண்டரிங் ஓடவிட்டுப் பார்த்தோம். பிராசசர் அறுபதுகளிலேயே நின்றது. பக்கத்து அறையில் அவன் பாட்டி தூங்கிக்கொண்டிருந்தாள். விசிறிச் சத்தம் அங்கே கேட்கவில்லை.

நாளைக்கு அவனுக்கு ரெண்டரிங்கே பிழைப்பாகி, பதினாறு கோர் பிராசசரை விடிய விடிய ஓட்டும் நிலை வரலாம். ரைசன் 9 7950எக்ஸ் போன்றது 230 வாட் வரை இழுக்கும். அன்றைக்கு நானே 360 போடு என்பேன். ரேடியேட்டரை கேபினெட்டின் மேல்பக்கத்தில் மாட்டச் சொல்வேன். மாட்டிய மாதத்தையும் வருஷத்தையும் கேபினெட்டின் உட்பக்கம் மார்க்கரால் எழுதிவைக்கச் சொல்வேன். தகடுகளில் படியும் தூசியை மாதம் ஒருமுறை பிளோயரால் ஊதச் சொல்வேன், ஊதும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு. ஐந்து வருஷம் ஆனதும் ஒழுங்காக ஓடினாலும் மாற்றிவிட வேண்டும். அந்தப் பணத்தை வாங்குகிற அன்றே வேலையின் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழைய ஏர் கூலரைத் தூக்கிப்போட வேண்டாம். பம்ப் ஓய்கிற அன்று, புதிது வந்து சேரும்வரை, மின்சக்தி வரம்பைக் குறைத்து அதை வைத்தே வேலையை முடித்துக்கொடுக்கலாம்.